அடி தாங்கும் பல்

— வாயத் தொற. இன்னும் பெருசா. தொடமாட்டேன், பாக்கத்தான் போறேன்.

— பாருங்க அண்ணி. ஆனா இன்னிக்கு ஒட்ட வேண்டாம்.

— ஒட்ட வேண்டாமா? முன்பல்லு பாதியக் காணோம். நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல மைக் முன்னாடி உக்காந்து எந்த பஸ் எந்த எடத்துல நிக்குதுன்னு எப்படிச் சொல்லுவ? பேச்சு பாதி, காத்து பாதியாப் போகும்.

— போகட்டும். பஸ் ஸ்டாண்டு பூரா கேக்கட்டும்.

— இந்தக் கிண்டலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா கிளினிக்கப் பூட்டிட்டு மாடியில சித்த கால நீட்டினேன். கூட நிக்க நர்ஸ்கூட இல்ல. உனக்காகத்தான் எறங்கி வந்து தொறந்தேன்.

— வேற எந்தக் கெழமையில எனக்குப் பல்லு பாத்திருக்கீங்க அண்ணி? எப்பவும் லீவு நாள்தான். எப்பவும் பின்வாசல்தான்.

— தலையச் சாய். லைட்டு கண்ணுல அடிக்குதா? கழுத்துல என்னது செவப்பா?

— நீங்க பல்லு டாக்டர். பல்ல மட்டும் பாருங்க.

— என்கிட்டயே நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசறியா?

— போடறதுக்குப் பல்லு வேணுமே அண்ணி.

— சரி. மறுபடியும் அவனா?

— அட! இன்னிக்குத்தான் முதல் தடவையா இப்படிக் கேக்கறீங்க. போன தடவ, 'மறுபடியும் கதவுல இடிச்சுக்கிட்டியா'ன்னு கேட்டீங்க. அதுக்கு முந்தி படிக்கட்டு.

— படிக்கட்டுன்னு நீதான சொன்ன?

— நான் எங்க சொன்னேன்? உங்க தம்பி என் தோள்ல கை போட்டுட்டுப் பக்கத்துல நின்னாரு. 'படிக்கட்டுல விழுந்துட்டியா'ன்னு நீங்க எடுத்துக் குடுத்தீங்க. நான் தலைய ஆட்டினேன்.

— அன்னிக்கு அந்தப் பல்லு செத்தே போயிருந்துச்சு. வேற டாக்டரா இருந்தா புடுங்கிப் போட்டிருப்பான். நான் நரம்ப எடுத்து, ரூட் கேனால் பண்ணி, காப்பாத்திக் குடுத்தேன். அத மறந்துராத.

— மறப்பேனா? 'நரம்பு எடுத்த பல்லு, இனி வலிக்கவே வலிக்காது'ன்னீங்க. நெசந்தான். ஒடம்புல அது ஒண்ணுதான் வலிக்கல.

— அதுமேல ஒரு கேப் போட்டிருக்கணும். உள்ள குடைஞ்ச பல்லு, சுவரு மெலிசாயிரும். அதுக்கு மேல ஒரு மூடி இருந்தாத்தான் பாதுகாப்பு. படிக்கும்போதே சொல்லிக் குடுத்ததுதான்.

— அப்புறம் ஏன் போடல?

— கேப்புன்னா பல்லச் செதுக்கி, அளவெடுத்து வெளிய லேபுக்கு அனுப்பணும். அந்த லேப்காரன் வாய் இருக்கே, ஊருக்கே அதுதான் நோட்டீஸ் போர்டு. கலர் பாக்கணும், ஆள நேர்ல அனுப்புங்கம்பான். வந்ததும், எப்படிம்மா ஒடஞ்சுச்சுன்னு ஆரம்பிப்பான். அதான், வெளி ஆளே வேண்டாம்னு, எல்லாத்தயும் வெள்ள பில்லிங்லயே என் கையால கட்டினேன். நடுவுல நாரு மாதிரி ஒரு கம்பி எறக்கி, கொஞ்சங்கொஞ்சமா வெச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட்டக் காட்டிக் காட்டி எறுக வெச்சது அது. சும்மா பொந்து அடைக்கற வேலை இல்ல. இந்த ஊர்ல வேற எவனையாவது அவ்வளவு கெட்டியாக் கட்டச் சொல்லு பாப்போம்.

— எதுக்கு அண்ணி அவ்வளவு கெட்டி?

— இதென்ன கேள்வி? ஒடையாம இருக்கத்தான்.

— 'இந்தப் பல்லுல எதையும் கடிச்சுராத'ன்னு நீங்கதான் சொன்னீங்க. ஆப்பிளக்கூட நறுக்கித்தான் திங்கறேன். கடிக்கவே கூடாத பல்லுக்கு எதுக்கு அவ்வளவு பலம்? நான் சாப்பிடறதுக்குக் கட்டினீங்களா, அடி வாங்கறதுக்குக் கட்டினீங்களா?

— துப்பு. அந்தத் தொட்டியில துப்பு.

— துப்பிட்டேன். பதில் சொல்லுங்க.

— அடி வாங்கறதுக்குத்தான். போதுமா? கேட்டியா, போதுமா? வேற என்ன பண்ணச் சொல்ற? அவன் கையக் கட்டிப்போடவா முடியும் என்னால? பல்லத்தான் கட்ட முடியும். கட்டினேன்.

— அழாதீங்க அண்ணி. கண்ணாடி நழுவுது பாருங்க.

— நான் அழல. அசையாத. நேத்து என்ன நடந்துச்சு?

— நேத்து ஒண்ணும் நடக்கல. நேத்து நான் சிரிச்சேன். அடுத்த பஸ்ஸ சொல்லி முடிச்சுட்டு மைக்க அணைக்க மறந்துட்டேன். டிக்கெட் கவுண்டர்ல இருக்கற பெரியவரு ஏதோ தமாஷா சொன்னாரு. சிரிச்சுட்டேன். அது ஸ்பீக்கர்ல எல்லாம் போயிருச்சு. அந்த நேரம் பாத்து உங்க தம்பி, டிரைவிங் ஸ்கூலுக்கு வண்டி கத்துக்க வந்த ஒரு பொண்ண ஓட்ட வெச்சு, பஸ் ஸ்டாண்டு வாசல்ல போயிட்டிருந்தாராம்.

— அதுக்கா?

— அதுக்கேதான். 'என் பொண்டாட்டி சிரிக்கறத ஊரே கேட்டுச்சு'ன்னாரு. நேத்தெல்லாம் ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கு மத்தியானம் சாப்ட்டு, கை கழுவிட்டு, பேச ஆரம்பிச்சாரு.

— இரு. இரு இரு. நாக்க உள்ள இழு. பில்லிங் வரலையே!

— வரலன்னா?

— விட்டுப்போகலன்னு சொல்றேன். புடிச்ச புடியில நின்னிருக்கு. பல்லுதான் பில்லிங்கோட சேந்து ஒடஞ்சிருக்கு. அதுவும் ஒடஞ்ச விதம் வேற மாதிரி இருக்கு. மூஞ்சியில குத்தினா பல்லு உள்பக்கமாச் சாஞ்சு ஒடையும். போன ரெண்டு தடவையும் அப்படித்தான் இருந்துச்சு. இது உள்ள இருந்து வெளியப் பாத்துப் பேந்திருக்கு. நீ எதையோ கடிச்சிருக்க. அத வெடுக்குன்னு புடுங்கியிருக்காங்க.

— போன ரெண்டு தடவையும் அது குத்துன்னு தெரிஞ்சுதான் ஒட்டினீங்களா?

— என்னத்தக் கடிச்ச?

— உங்க தம்பிய.

— என்ன?

— கைய.

— சிரிக்காத. ஒதட்டுல ரத்தம் வருது, சிரிக்காதங்கறேன்ல!

— வருதே அண்ணி, நான் என்ன பண்ணுவேன்? இத்தன வருஷத்துல ஒரு தடவ அவரு 'ஆ'ன்னு கத்தினாரு. அத நெனச்சாலே வருது.

— ஒடஞ்ச துண்டு எங்க? முழுங்கிட்டியா? நுரையீரலுக்குள்ள போயிருந்தா வெளையாட்டு இல்ல.

— முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல. அவரு கையோட போயிருச்சு.

— கடவுளே.

— அண்ணி, நான் ஒட்டிக்க வரல. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் கெளம்பினேன். பாதி வழியில கால் தயங்கிருச்சு. அங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். 'அவரா? எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கே அவருதான வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தாரு! பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சாக்கூட கோவப்படாத மனுஷனாச்சே!' அப்படித்தான் சொல்லுவாங்க. என் வார்த்தை எடுபடாது. நீங்க கூட வந்து, 'படிக்கட்டும் இல்ல, கதவும் இல்ல, என் தம்பிதான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பல்லு கட்டின டாக்டரு, கூடப் பொறந்த அக்கா. யாரு நம்பமாட்டாங்க?

— அவன நான் தூக்கி வளத்தவ. அம்மா போனப்ப அவனுக்குப் பால்பல்லு விழ ஆரம்பிக்கல.

— அதனாலதான் உங்கள விட்டா எனக்கு வேற ஆள் இல்ல.

— நான் வரமாட்டேன்னு சொன்னா?

— ஒட்டிவிட்டுருங்க. இன்னும் கெட்டியா ஒட்டிவிடுங்க. திரும்பி அந்த வீட்டுக்குத்தான போகணும்.

— அக்கா! அக்கா, கதவத் தொற! உள்ளதான் இருக்காளா அவ?

— வந்துட்டாரு அண்ணி.

— பேசாம நாற்காலியில சாஞ்சு இரு. நான் பேசிக்கறேன்.

— எப்பவும் நீங்கதான் பேசிக்கறீங்க.

— வரேன்டா! கதவ ஒடச்சுராத! உள்ள வா. செருப்பக் கழட்டு.

— செருப்பு கெடக்கட்டும்கா, இங்க பாருக்கா. என் கையப் பாரு! சட்டையெல்லாம் ரத்தம். அவ என்ன பண்ணிட்டான்னு பாத்தியா உன் தம்பிய? ஒரு நாயி இப்படிக் கடிக்காது.

— எப்படா நடந்துச்சு?

— மத்தியானம் சாப்ட்டுப் படுத்தேன்கா. அசந்து தூங்கிட்டேன். திடீர்னு வந்து கடிச்சுட்டா. பைத்தியம் முத்திப்போச்சு அவளுக்கு. நான் என்ன சொல்றேன்னா, இதுக்கு நான் போலீஸ்ல எழுதிக் குடுத்தேன்னா இவ கதி என்ன? குடுக்கமாட்டேன். ஏன்? நம்ம குடும்பம், நம்ம மானம். உள்ள என்னமோ குத்திட்டே இருக்குக்கா. அவ பல்லுதான்னு நெனைக்கறேன். அத எடுத்துப்போடு. அவளுக்கும் எப்பவும்போல ஒட்டிவிடு. நாளைக்கு ரெண்டு பேரும் எங்க பாட்டுக்கு வேலையப் பாக்கப் போயிருவோம்.

— கைய நீட்டு. துணிய எடு. விரி.

— மெதுவாக்கா! மெதுவா!

— கட்டவெரலுக்குக் கீழ, உள்ளங்கை மேட்டுல. மேல்பல்லு இங்க பதிஞ்சிருக்கு. கீழ்ப்பல்லு இங்க. தூங்கிட்டிருந்தியா நீ?

— ஆமாக்கா.

— தூங்கறவனக் கடிக்கறவ வெரலக் கடிப்பா, மணிக்கட்டக் கடிப்பா, புறங்கையக் கடிப்பா. உள்ளங்கை மேடு ஒருத்தி வாய்க்குள்ள போகணும்னா, அந்த உள்ளங்கையால அவ வாய அமுக்கியிருக்கணும். பாரு, என்கிட்ட பொய் சொல்லாத. வாய மட்டும் பொத்தினியா, மூக்கயும் சேத்தாடா?

— கத்தினாக்கா! ஊரக் கூட்டற மாதிரி கத்தினா! பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க?

— மூக்கயும் சேத்துத்தான் அண்ணி.

— நீ வாய மூடுடி!

— இன்னிக்கு நீங்க மூடினது போதும். அண்ணி, நெஞ்சு மேல முட்டிய வெச்சு அமுக்கிட்டாரு. மேல பேன் சுத்துது, பாத்துட்டே இருக்கேன். அப்புறம் பேன் தெரியல. எதுவும் தெரியல. சரி, செத்துட்டோம்னு நெனச்சேன். அப்பதான் கடிச்சேன். விட்டா உயிரு போயிரும்னு புடிச்சேன். அவரு கைய உதறினாரு, உதறினாரு, நான் விடல. உங்க பில்லிங்கும் விடல. அந்தப் புடிதான் என்ன எழுப்பி உக்கார வெச்சுச்சு.

— திமிரப் பாருக்கா! கட்டினவன் கையக் கடிச்சுட்டு கதை சொல்றா! எறங்குடி! எறங்கு நாற்காலிய விட்டு!

— டேய்! முடிய விடு!

— அண்ணி! ஐயோ!

— தட்டுல இருந்தது பூரா கீழ போச்சு! ஊசியெல்லாம் செதறிக் கெடக்கு, அவள அதுமேல இழுக்காத! விடுடா! விடுன்னு சொல்றேன்ல!

— நீ தள்ளுக்கா! இவளுக்கு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். தள்ளு, இல்ல உனக்கும் விழும்!

— அவ செவுத்துல மோதறாடா! தலை! தலைய விடு, செத்துருவாடா! ஆ!

— அண்ணி! அண்ணி, கன்னம் கிழிஞ்சிருச்சு!

— அக்கா. ஐயோ, அக்கா. நான் வேணும்னு பண்ணலக்கா. நீ ஏன் நடுவுல வந்த? சத்தியமா வேணும்னு பண்ணல. கோவத்துல கை வந்துருச்சு.

— இதேதான் அண்ணி. எனக்கும் இதேதான் சொல்லுவாரு. இதே கொரல்தான்.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. போதும். எனக்குத் தலை சுத்துது. பஞ்ச எடு. அந்த வெள்ளத் துணிய எடு. ம். நீ எந்திரி. முன் ரூமுக்குப் போ.

— அண்ணி?

— கதவச் சாத்திட்டு அங்க உக்காரு. உன் பல்ல நான் இன்னிக்குத் தொடப்போறதில்ல. இவன் கையிலருந்து ரத்தம் நிக்காமப் போகுது. மொதல்ல இத மூடணும்.

— அவரு கையா? என்ன விட்டுட்டு அவரு கையா அண்ணி?

— என் தம்பிடீ அவன்! போன்னு சொன்னாப் போ!

— சரி. போறேன். தெரிஞ்சுபோச்சு அண்ணி.

— போயிட்டாளா? ம். நீ ஏறி உக்காரு. கைய இந்தப் பலகை மேல வை.

— கோவமாக்கா?

— கைய அசைக்காத. ஊசி போடறேன். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்.

— ஆ! அம்மா! எத்தன ஊசிக்கா?

— ஊருக்கெல்லாம் கை நீட்டற ஆளு, ஒரு ஊசிக்கு அம்மாங்கற. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கோ. ரத்தம் பாத்தா உனக்குத்தான் மயக்கம் வருமே.

— சின்ன வயசுலருந்தே அப்படித்தான். நீ இல்லன்னா எனக்கு யாருக்கா இருக்கா? அப்பாவுக்குத் தெரியாம எவ்வளவு மறைச்சிருக்க! ஸ்கூல்ல அந்தப் பையன் மண்டையக் கல்லால ஒடச்சப்பக்கூட, அவனா விழுந்தான்னு நீதான் போய்ச் சொன்ன.

— சொன்னேன். மரத்துப்போச்சா? இங்க தொட்டாத் தெரியுதா?

— தெரியல.

— இங்க?

— ஒண்ணுமே தெரியல. யாரு கையோ மாதிரி இருக்கு.

— நல்லது. அப்படியே இரு.

— நான் என்ன சொல்றேன்னா, இன்னும் கொஞ்ச நேரம் பொத்தியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்கா.

— எது முடிஞ்சிருக்கும்?

— சத்தம்.

— சத்தமா?

— சத்தம்தான்கா. வேற என்ன? நீ ஏன் அப்படிப் பாக்கற? அந்தக் கத்தலையும் சிரிப்பையும் நெனச்சா இப்பவும் ஒடம்பெல்லாம் எரியுது. அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளு. தையல் ஊசி தோலுக்குள்ள இருக்கு, திரும்பாத.

— அவளுக்கு இனி அந்தப் பல்லக் கட்டாத. புடுங்கிரு.

— ஒடஞ்ச பல்லயா?

— அதயும். பக்கத்துல இருக்கறதயும். கெட்டுப்போச்சுன்னு சொல்லிப் புடுங்கிரு, நீ சொன்னா அவ என்ன, ஊரே நம்பும். கடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது.

— மேல மட்டுமா? கீழயுமா?

— ரெண்டும்தான். பல்செட்டு வெச்சுக்கட்டும். அதுன்னா வீட்டுக்கு வந்ததும் கழட்டி வெச்சுரலாம்ல?

— யாரு கழட்டுவா? அவளா, நீயா?

— யாரோ கழட்டட்டும், அதுவா இப்ப முக்கியம்? என்ன சொல்ற? அடுத்த ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வரட்டுமா? வரமாட்டேன்னா, வர வெக்கறேன்.

— நூல இழுக்கறேன். அசையாத.

— செய்வல்ல? எனக்காக செய்வல்லக்கா?

— உனக்காக எல்லாத்தயும் செஞ்சேன்டா. என் கையாலதான் செஞ்சேன். அவ வாய்க்குள்ள உக்காந்து, நீ அடிக்கறதுக்கு வசதியா, ஒவ்வொரு அடுக்கா கட்டிக் குடுத்தேன். எனக்கு இப்ப என் கையப் பாக்கவே அருவருப்பா இருக்கு.

— ஏன்கா இப்படிப் பேசற? கன்னம் வலிக்குதா? நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேன்ல.

— கேட்ட. முடிஞ்சுது. நூல வெட்டியாச்சு.

— அதுக்குள்ளயா! தையல் எல்லாம் எவ்வளவு நெருக்கமா இருக்கு. கெட்டியாத்தான் போட்டிருக்க. கட்டு போடலியா?

— போடறேன், புடி. ஈரம் படக்கூடாது.

— சரிக்கா, அந்தப் பல்லுத் துண்ட எங்க வெச்ச? குடு இங்க. குப்பையில போட்டா அவ பொறுக்கிட்டுப் போய் எவன்கிட்டயாவது காட்டுவா. நானே போற வழியில சாக்கடையில வீசிட்டுப் போயிடறேன்.

— அத நான் எடுக்கவே இல்லடா, உள்ள வெச்சுத்தான் தச்சிருக்கேன். ரெண்டு நாள்ல சீழ் புடிக்கும், இனி நீ வெளி டாக்டர்கிட்டதான் போயாகணும், எக்ஸ்ரேல வெள்ள வெளேர்னு தெரியும், இது யாரு பல்லுன்னு அவன் கேப்பான். நீ பதில் யோசிச்சு வை. அதுக்குள்ள நானும் அவளும் ஸ்டேஷன்ல சொல்லி முடிச்சிருப்போம்.